240 லிட்டர் போதுமா, 400 வேண்டுமா?

கேள்வி, பிப்ரவரி 9

வீட்டில் நான்கு பேர். 16 வருடம் உழைத்த ஃபிரிட்ஜ் நேற்று நின்றுவிட்டது. விசாரித்த எல்லோரும் ஒரே குரலில், "இருப்பதிலேயே பெரிதாக வாங்கு, சின்னது வாங்கியவன்தான் பின்னால் வருத்தப்படுவான்" என்கிறார்கள். 240 லிட்டர் போதுமா, 400-க்குப் போகலாமா? இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு

பெரிதாக வாங்கியவனும் வருத்தப்படுவான். வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

லிட்டரை விடுங்கள். முதலில் இன்ச் டேப்பை எடுங்கள். ஃபிரிட்ஜ் நிற்கப்போகும் மூலையை மட்டும் அளந்தால் போதாது. வாசல் நிலை, மாடிப்படித் திருப்பம், சமையலறை நிலை, வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடை முனை, எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இவற்றில் எது குறுகலோ அதற்குள் நுழைவதுதான் உங்களுக்கான ஃபிரிட்ஜ். என் அண்ணன் வீட்டில் புது ஃபிரிட்ஜ் சமையலறை நிலையில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சமையலறைக்குள் இருந்த அண்ணி ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார். ஃபிரிட்ஜ் கதவு இரண்டையும் கழற்றித்தான் உள்ளே தள்ளினார்கள். அந்த நிலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கீறல் இன்னும் இருக்கிறது.

என் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் நாள் நெருங்கிவிட்டது. கம்ப்ரசர் நிற்கும்போது உடம்பே ஒரு குலுக்குக் குலுக்குகிறது, மேலே வைத்த டம்ளர் கிலுகிலுக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்லும் சாக்கில் எனக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10

நேற்று விட்டுப்போனது. மூலையில் ஃபிரிட்ஜ் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கதவு 90 டிகிரி திறந்தால் பால் எடுக்கலாம். ஆனால் கீழே இருக்கும் காய்கறி டிரேயை முழுதாக வெளியே இழுக்க, பல மாடல்களில் கதவு அதற்கும் மேல் திறந்தாக வேண்டும். பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் டிரே பாதி வந்ததும் கதவு ரேக்கில் இடித்து நிற்கும். பத்து வருடமாக எங்கள் வீட்டுக் காய்கறி டிரேயை நாங்கள் கழற்றிக் கழுவாததற்குக் காரணம் இதுதான். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

பின்பக்கமும் பக்கவாட்டிலும் மேலேயும் காற்றுக்குச் சில சென்டிமீட்டர் விட வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் மாடலுக்கு மாடல் மாறும். உள்ளிருந்து எடுக்கும் சூட்டை ஃபிரிட்ஜ் எங்காவது கொட்டியாக வேண்டும் அல்லவா? அலமாரிக்குள் இறுக்கித் திணித்தால் தான் கொட்டிய சூட்டிலேயே நின்று மூச்சு வாங்கும்.

பிப்ரவரி 12

இன்று ஒரு காரியம் செய்தேன். பழைய ஃபிரிட்ஜில் இருந்த அத்தனையையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். குளிர் தேவைப்படுகிறவை ஒரு பக்கம், சும்மா இடம் பிடித்திருந்தவை ஒரு பக்கம். இரண்டாவது குவியல்தான் பெரிது. காலாவதியான சாஸ் பாட்டில் மூன்று. மூடி மட்டும் இருக்கும் டப்பா ஒன்று, மூடி இல்லாத டப்பா நான்கு. காய்ந்து கல்லாகிப்போன அரை எலுமிச்சை. கதவு ரேக்கில் எட்டு பேட்டரி.

"பேட்டரி ஏன் இங்கே?" என்றேன். "குளிரில் இருந்தால் நாள்பட உழைக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றாள் மனைவி. சொல்லியிருப்பேன்.

ஆக 240 லிட்டர் எங்களுக்குத் தாராளம். இதைச் செய்து பார்க்காமல் யாரும் லிட்டரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கட்சி. இன்னொன்று: விளம்பரத்தில் இருக்கும் லிட்டர் பெரும்பாலும் மொத்தக் கொள்ளளவாக இருக்கும். தட்டு, டிரே எல்லாம் போக உண்மையில் பொருள் வைக்கக் கிடைப்பது நிகரக் கொள்ளளவு. ஒரு மாடலின் மொத்தத்தை இன்னொன்றின் நிகரத்தோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஃபிரீசருக்கு எவ்வளவு, கீழே எவ்வளவு என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பிப்ரவரி 12, இருபது நிமிடம் கழித்து

பேட்டரி பற்றிக் கேட்டவருக்கு: இப்போதைய ஆல்கலைன் பேட்டரிக்கு அறை வெப்பமே போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது ஈரம் படியும், அதுதான் மிச்சம். எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம்.

பிப்ரவரி 16

டைரக்ட் கூலா, ஃப்ராஸ்ட் ஃப்ரீயா என்று ஒருவர் கேட்டிருந்தார். இதில் எனக்குச் சொந்தக் காயம் உண்டு.

டைரக்ட் கூலில் குளிர்க்குழாய் ஃபிரீசர் சுவரிலேயே ஓடும். கதவு திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரம் அந்தச் சுவரில் உறைந்து வெள்ளை வெள்ளையாக ஏறும். சில மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. அதற்கு மேல் ஏறினால் பனியே கம்பளி போர்த்தியது போலக் குளிரைத் தடுக்கும், கம்ப்ரசர் கூடுதலாக ஓடும். அதனால் அவ்வப்போது நிறுத்திக் கரைக்க வேண்டும்.

பல வருடம் முன்பு, தனியாக இருந்தபோது, ஒரு சின்ன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருந்தேன். மூன்று மாதம் கரைக்காமல் விட்டதில் ஐஸ் டிரே பனியோடு பனியாக ஒட்டிக்கொண்டது. பொறுமை இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்பினேன். டிரே அசைந்தது. கூடவே "உஸ்" என்று ஒரு சத்தம், டயரில் காற்று இறங்குவது போல, ஆனால் மெல்லியதாக. விரலை வைத்து அடைத்தேன். எதற்கு அடைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அரை நிமிடத்தில் சத்தம் நின்றது, கேஸ் முழுக்கப் போய்விட்டிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் கதவைத் திறந்து, ஓட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஸ்க்ரூ டிரைவரா, கத்தியா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர்க்குழாய்ச் சுருள் ஃபிரீசரின் பின்சுவருக்குள் ஒளிந்திருக்கும். ஒரு சின்ன விசிறி அதன் வழியாகக் காற்றைச் சுற்றவிடும். பனி அந்தச் சுருளிலும் படியத்தான் செய்யும். குறிப்பிட்ட இடைவெளியில் உள்ளே இருக்கும் ஹீட்டர் தானாகவே எரிந்து அதைக் கரைத்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். கரைந்த நீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரசர் பக்கத்துத் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். ஹீட்டரும் விசிறியும் கொஞ்சம் கரண்ட் தின்னும். காற்று ஓடுவதால் மூடாமல் வைத்த எதுவும் சீக்கிரம் காய்ந்துபோகும். ஆனால் உங்களுக்கு வேறு வேலையே இல்லை. என் போன்ற ஆளுக்கு இதுதான் சரி. ஸ்க்ரூ டிரைவருக்கு எட்டாத இடத்தில் சுருள் இருக்கிறது.

பிப்ரவரி 17

"கீழே குளிரவே இல்லை, ஃபிரீசரை முழுக்கத் திருகியும் பயனில்லை" என்றவருக்கு: முழுக்கத் திருகியதால்தான். மேலே ஃபிரீசர் உள்ள பல ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் இரண்டு திருகு இருக்கும். ஒன்றுதான் கம்ப்ரசரைக் கட்டுப்படுத்துவது. மற்றது குளிர்ந்த காற்றில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் கதவு. ஃபிரீசரை அதிகம் என்று வைத்தால் கீழே வரும் காற்று குறையும். நடுவில் வைத்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள்.

பிப்ரவரி 20

நட்சத்திரக் குழப்பம். ஃபிரீசர் கதவில் இருக்கும் நட்சத்திரம் வேறு, மின் சிக்கனச் சீட்டில் இருக்கும் நட்சத்திரம் வேறு. ஃபிரீசரில் ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. நான்காவது நட்சத்திரம் இருந்தால் அதே மைனஸ் 18-இல் புதிதாக வைக்கும் பொருளை உறையவைக்கும் திறனும் உண்டு என்று அர்த்தம். இதற்கும் கரண்ட் பில்லுக்கும் தொடர்பில்லை.

பில்லுக்கு, சீட்டில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: வருடத்துக்கு எத்தனை யூனிட். 250 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்தால் சராசரி 28 வாட் சொச்சம். பழைய 40 வாட் டியூப் லைட் அளவுகூட இல்லை. 250-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் நான்கு யூனிட். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளலாமா என்பது அவரவர் பாடு. நான் உடைத்துக்கொள்ளவில்லை.

அந்த எண் ஆய்வுக்கூடத்தில், கதவைத் திறந்து திறந்து மூடும் ஆட்கள் இல்லாத இடத்தில் எடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். சமையலறை கொதிக்கும் வீடென்றால் தகட்டில் இன்னொன்றும் பாருங்கள், காய்கறி டிரே பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். தட்பவெப்ப வகை: N என்றால் 32 டிகிரி வரை, ST என்றால் 38, T என்றால் 43. சுற்றுப்புறம் அந்த அளவுக்குச் சுட்டாலும் தாங்கும்படி செய்தது என்று பொருள்.

பிப்ரவரி 23

"ஆர்600ஏ கேஸ் வெடிக்குமா?" இப்போதைய ஃபிரிட்ஜ் பலவற்றில் குளிர்விக்கக் குழாய்க்குள் ஓடும் கேஸ். ஐசோபியூட்டேன்தான் அது, எரியும் வாயுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம், அதுவும் மூடிய குழாய்க்குள். பயப்பட வேண்டிய நேரம் பழுது பார்க்கும்போது. குழாயை வெட்டி நெருப்பு வைத்து ஒட்டும் வேலையை இந்த கேஸில் பழகிய ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். முந்தைய ஆர்134ஏ எரியாது, ஆனால் கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஐசோபியூட்டேனுக்கு அந்த எண் வெறும் 3 அளவில்தான். அதற்கும் முந்தைய ஆர்12 ஓசோனையே ஓட்டை போட்டது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது ஒழிந்தது.

அதற்கும் முன்னால் இருந்தவை நேரடி விஷம். 1926-இல் பெர்லினில் ஃபிரிட்ஜ் கேஸ் கசிந்து ஒரு குடும்பமே தூக்கத்தில் இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் நகரும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். நகரும் பாகம் இருந்தால்தானே அடைப்பு தேயும், கசியும்? 1930-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கடைக்கு வரவில்லை. அவர்கள் செய்த வேறொரு வகையில் மின்காந்த பம்ப் போட்ட சத்தம் தாங்கவில்லை என்பார்கள்.

பிப்ரவரி 23, சற்றுக் கழித்து

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம்.

மார்ச் 1

நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டில் இருப்பதிலேயே பெரிய தட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும். பக்கம் பக்கமாக இரண்டு நெடுங்கதவு வைத்த மாடல் வெளியே பார்க்க அரண்மனை வாசல் போல இருக்கிறது. உள்ளே ஃபிரீசர் பக்கத்தில் என் தட்டு நுழையவில்லை. 500 லிட்டருக்கு மேல் வைத்துக்கொண்டு ஒரு தட்டு வைக்க முடியவில்லை என்றால் அது எதற்கு? வெளிக்கதவில் தண்ணீர் வரும் மாடலையும் ஒதுக்கினேன். குழாய், வால்வு, ஆறு மாதத்துக்கொரு ஃபில்டர் என்று கெட்டுப்போவதற்கு நாலு பாகம் கூடுதல்.

அம்மா கூட வந்திருந்தார். முட்டிவலி. ஒவ்வொன்றாகத் திறந்து காய்கறி டிரேயை இழுத்துப் பார்த்தார். "ஐஸ் நாம தினம் எத்தனை தடவைப்பா எடுக்கறோம்?" என்றார். "ஒரு தடவைகூட இருக்காதும்மா." "அப்புறம் அதை ஏன் கண்ணுக்கு நேரா வெச்சிருக்கான்? காயை எடுக்க நான் குனியணும்."

இருபது நாளாக நான் எழுதியதில் இது இல்லை. கீழே ஃபிரீசர் வைத்த மாடல்களைப் பார்க்க ஆரம்பித்தோம்.

மார்ச் 8

வாங்கியாயிற்று. கீழே ஃபிரீசர், இன்வெர்ட்டர் கம்ப்ரசர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 320 லிட்டர். 240 தாராளம் என்று எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறேன். கீழே ஃபிரீசர் வைத்ததில் நாங்கள் பார்த்தவரை அதைவிடச் சின்னது இல்லை.

வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நிமிர்த்தியதும் பிளக்கைச் செருகப் போனார் ஒருவர். பிடித்து நிறுத்தினேன். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி இறங்க நேரம் கொடுக்க வேண்டும். மறுநாள் காலைவரை விட்டேன்.

ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் தொட்டால் கை சுடும் அளவு சூடு. உடனே நிறுத்திவிட்டுச் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். எதிர்முனைப் பெண் பொறுமையாக, "சார், பின்னாடி கறுப்புக் கம்பி வலை இருக்கா பாருங்க" என்றார். இல்லை. "அது இப்ப பக்கத் தகட்டுக்குள்ள இருக்கு சார். சூடு அது வழியாத்தான் வெளியே போகும்." முதல் நாள் எல்லாவற்றையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால் சூடு கூடுதலாகத்தான் இருக்குமாம். பிப்ரவரி 10 அன்று சூட்டை எங்காவது கொட்டியாக வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்தான்.

மார்ச் 9

"நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதே" என்று மனைவி கேட்டாள். இன்வெர்ட்டர் அப்படித்தான். பழையது முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இது தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டு நெடுநேரம் மெல்ல ஓடும். டம்ளர் கிலுகிலுப்பு இல்லை. இரவில் "டக்" என்று பிளாஸ்டிக் விரிசல் விடுவது போல ஒரு சத்தம் வரும், வெப்பம் மாறும்போது உட்சுவர் சுருங்கி விரிவதுதான்.

மார்ச் 15

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ஒவ்வொரு தட்டிலும் ஒரு இரவு வைத்தேன். காற்றை அளந்தால் கதவு திறந்ததும் எண் துள்ளும், தண்ணீர் நிதானமானது. நடுத்தட்டு 4, கீழ்த்தட்டு 3, கதவு ரேக் 8. எல்லோரும் பாலை எங்கே வைக்கிறோம்? கதவு ரேக்கில். 5 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறார்கள். பாலை உள்ளே தள்ளிவிட்டேன், பாட்டில்கள் கதவுக்குப் போயின.

ஏப்ரல் 2

இப்போது என் தப்பு. தட்டின் அகலத்தைப் பார்த்தேன், பாத்திரத்தின் உயரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பெரிய பாத்திரம் எந்தத் தட்டுக்கும் நடுவில் நிற்கவில்லை. ஒரு தட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டாயிற்று. நான் பெருமையாக அளந்த 320-இல் கிட்டத்தட்ட கால்வாசி, அந்தப் பாத்திரத்தின் தலைக்கு மேல் சும்மா கிடக்கும் காற்று. பார்க்கப் போகும்போது தட்டை எத்தனை இடத்தில் மாற்றிச் செருகலாம் என்று பாருங்கள். இதில் இரண்டே இடம்.

ஆக லிட்டரை விடுங்கள் என்றது சரி. அகலத்தை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் தப்பு.

ஜூன் 11

நேற்று ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் மேலே 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 என்பது பொதுக் கணக்கு. எங்கள் ஃபிரீசர் பாதிகூட இல்லை. தண்ணீர்ப் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி உள்ளே அடுக்கிவைத்திருந்தேன், அது உதவியது. மேலே இருந்த பாலைக் கொட்டவேண்டியதாயிற்று.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு வித்தை: ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் "உங்களுக்கு வேறு வேலையே இல்லை" என்று பிப்ரவரியில் எழுதினேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டு நாளாகக் காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர். கேஸ் கசிவா, ரப்பர் போயிற்றா என்று பதறி, கதவு ரப்பரில் காகிதம் செருகி இழுத்தெல்லாம் பார்த்தேன். நான்கு பக்கமும் இறுக்கமாகவே பிடித்தது. பின்சுவரின் அடியில் விரல் நுனி அளவு ஒரு துளை, அதில் ஒரு கீரைத்தண்டு குறுக்கே சிக்கியிருந்தது. கரைந்த நீர் இறங்க வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது. உறிஞ்சுகுழலை விட்டு எடுத்தேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 20

பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பழைய சாமான் எடுப்பவர் வரும்வரை கொல்லையில் நின்றது. நிறுத்திய அன்றே இரண்டு கதவையும் கழற்றிவிட்டேன். வெளியே நிற்கும் காலி ஃபிரிட்ஜுக்குள் குழந்தைகள் ஒளிந்து விளையாடுவார்கள். முன்பெல்லாம் தாழ்ப்பாள் போட்ட கதவு, உள்ளிருந்து திறக்க முடியாமல் பல குழந்தைகள் இறந்த பிறகுதான் 1956-இல் அமெரிக்காவில் உள்ளிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். காந்த ரப்பர் கதவு பரவியது அதன் பிறகு. இருந்தாலும் கதவைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை.

ஆகஸ்ட் 26

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அந்த வாரமே 420 லிட்டர் வாங்கிவிட்டாராம், நான் மார்ச் மாதம்வரை எழுதிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் படித்தாராம். எப்படி இருக்கிறது என்றால், "நிரம்பிவிட்டது" என்கிறார். எல்லாவற்றையும் ஒரு நாள் மேஜையில் பரப்பிப் பாருங்கள் என்றேன்.

நானும் இன்று பரப்பிப் பார்த்தேன். கதவு ரேக்கில், பாட்டில்களுக்குப் பின்னால், எட்டு பேட்டரி. இந்த முறை வைத்தது அம்மா.